வேலூர் வெயில்லயும் கரண்ட் பில், கேஸ் ரெண்டையும் கையில பிடிக்க
கைக்குழந்தை இருக்கிற வீட்ல, அதுவும் நம்மூர் கத்திரி வெயில்ல, ஏசி போடாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், புள்ள பாவம். ஆனா மீட்டர வாராவாரம் பார்த்து காலண்டர்ல எழுதி வைங்க, ஏன்னா 2 மாசத்துல முதல் 100 யூனிட் இலவசம், ஆனா மொத்தம் 500-ஐ தாண்டிட்டா தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்ல, 101-லேர்ந்து 200 வரைக்கும் உள்ளதுக்கும் சேர்த்து ரேட்டு ஏறிடும், 2025 சித்திரையில எங்களுக்கு வெறும் 12 யூனிட்ல அப்படி போச்சு, வயிறு எரிஞ்சுது. ஏசிய 26-ல வச்சு கூடவே ஃபேன் போடுங்க, போதும்.

கேஸுக்கு, பருப்ப ஊறவச்சு குக்கர்ல போடுங்க, விசில் வந்ததும் சிம். கோடையில புள்ளைய குளிப்பாட்ட தண்ணி காய வைக்கவே வேணாம், மாடி டேங்க் தண்ணியே சுடும், கை வச்சு பார்த்துட்டு ஊத்துங்க. சிலிண்டர் மாட்டின தேதிய குறிச்சு வைங்க, சீக்கிரம் தீர்ந்தா டியூப்ல சோப்புத் தண்ணி தடவுங்க, குமிழ் வந்தா லீக்கு, ரெகுலேட்டர மூடிட்டு 1906-க்கு போன் போடுங்க.