படகுல நல்ல மியூசிக் சிஸ்டம் போடணுமா? பேட்டரியில இருந்து ஆரம்பிங்க

படகுக்கு பாட்டு சிஸ்டம் போடணும்னு கிளம்புறவங்க முதல்ல பாக்குறது ஸ்டீரியோவோட ஸ்கிரீனை, அடுத்து ஸ்பீக்கர் டப்பா மேல பெருசா போட்டிருக்கிற வாட்ஸை, கடைசியா காசு மிச்சம் இருந்தா வயர் பக்கம் போவாங்க. நான் சொல்ல வர்றது அப்படியே தலைகீழ். பேட்டரி, வயர், ஃபியூஸ் இது மூணும் முதல்ல, அப்புறம் ஸ்பீக்கர் எங்க உக்காரணும்ங்கிற முடிவு, அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப் (சிக்னலுக்கு பவர் ஏத்தி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர்), ஸ்டீரியோ எல்லாத்துக்கும் கடைசி. ஏன்னா ஸ்டீரியோவை எப்ப வேணா கழட்டி மாத்திக்கலாம், ஆனா பேனலுக்குப் பின்னாடி ஓடுற வயரையும் ஃபைபர்கிளாஸ்ல போட்ட ஓட்டையையும் அவ்வளவு சுலபமா மாத்த முடியாது.

கார்ல நல்லா கேட்ட செட்டை அப்படியே படகுல மாட்டினா ஏன் சப்புன்னு இருக்குன்னு நிறைய பேர் கேப்பாங்க. கார் ஒரு மூடின டப்பா, பேஸ் உள்ளயே சுத்தி சுத்தி வரும். படகு திறந்த வெளி, சவுண்டு திரும்பி வர சுவரே கிடையாது, தூரம் ரெண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் 6 டெசிபல் போயிடும், அது போக எஞ்சின் இரைச்சல், காத்து, தண்ணி அடிக்கிற சத்தம் எல்லாத்தையும் தாண்டி பாட்டு காதுக்கு வரணும். அதனால படகுல வாட்ஸும் கூட வேணும், ஸ்பீக்கரும் ஆளுக்குப் பக்கத்துல வேணும். இதுல ரெண்டாவதுதான் காசு கம்மி, பலன் அதிகம்.

சின்ன படகு, ரெண்டு மூணு பேர்தான், சாயங்காலம் ஒரு சுத்து சுத்திட்டு வர்றதுதான்னா வயரே இழுக்க வேண்டாம், ஐபி67 (தூசி, தண்ணி தாங்குற அளவைக் காட்டுற நம்பர்) இருக்கிற ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வாங்கி பத்திரமா கட்டி வைங்க, போதும். அந்த ஐபி நம்பர்ல ஒண்ணு மட்டும் கவனிக்கணும். கடைசி நம்பர் 7ன்னா 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் முங்கினாலும் தாங்கும்னு அர்த்தம், ஆனா பீச்சி அடிக்கிற தண்ணியைத் தாங்கும்னு அதுல உத்தரவாதம் கிடையாது, அதுக்கு 5ஓ 6ஓ தனியா போட்டிருக்கணும். மேல்தளத்துல அலை தெறிக்கிற இடத்துல வைக்கிறதுன்னா ரெண்டும் போட்டிருக்கிறதா பாருங்க. அதோட இந்த டெஸ்ட் எல்லாம் நல்ல தண்ணியில பண்றது, உப்புத்தண்ணி வேற கதை.

நிரந்தரமா மாட்டப் போறவங்க ஒரு பேப்பர் எடுத்து கணக்குப் போடுங்க. ஸ்பீக்கர் 4, ஒவ்வொண்ணுக்கும் ஆர்எம்எஸ் (விடாம தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவர்) 75 வாட்ஸ் கொடுக்கிற ஆம்ப்னா மொத்தம் 300 வாட்ஸ். கிளாஸ் டி (கரண்டைக் கம்மியா வீணாக்குற வகை) ஆம்ப் 80 சதவீதம் எஃபிஷியன்சின்னு வெச்சா பேட்டரியில இருந்து இழுக்கிறது 375 வாட்ஸ், 12 வோல்ட்ல 31 ஆம்பியர் பக்கம். பயப்படாதீங்க, அது ஆம்பை முழுசா முறுக்கினா. பாட்டுன்னா ஏத்த இறக்கம் இருக்கும், சத்தமா வெச்சாலும் சராசரி அதுல மூணுல ஒரு பங்குன்னு எடுத்துக்கலாம், 10 ஆம்பியர்னு வைங்க. எஞ்சினை நிறுத்திட்டு நங்கூரம் போட்டு 4 மணி நேரம் பாட்டு கேட்டா 40 ஆம்பியர் ஹவர் காலி. 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல இறக்காம இருக்கிறதுதான் அதோட ஆயுசுக்கு நல்லது, அப்ப கைல இருக்கிறது 50தான், அதுலயே ஃப்ரிட்ஜ், லைட், பம்பு எல்லாம் ஓடணும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா இருந்தா 80 வரைக்கும் தைரியமா எடுக்கலாம். எதுவா இருந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் பண்ற பேட்டரியில இருந்து பாட்டுக்குக் கரண்ட் எடுக்கவே எடுக்காதீங்க. தனி டீப் சைக்கிள் பேட்டரி (ஆழமா இறக்கி இறக்கி சார்ஜ் பண்ணாலும் தாங்குறது) போட்டு, நடுவுல வோல்டேஜ் பாத்து தானா சேத்து பிரிக்கிற ரிலே ஒண்ணு மாட்டிட்டா, எஞ்சின் ஓடும்போது ரெண்டும் சார்ஜ் ஆகும், நின்னா பிரிஞ்சிடும். நடுத்தண்ணியில பாட்டு கேட்டு முடிச்சிட்டு கிளம்பலாம்னு சாவியைத் திருப்பும்போது எஞ்சின் கிளம்பலைன்னா அது வெறும் எரிச்சல் இல்ல, ஆபத்து.

வயர் விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதம்தான். டின் பூசின செம்பு வயர் மட்டும்தான் வாங்குங்க. அலுமினியம் மேல செம்பு பூசி விக்கிறதை கார் கிட்ல நிறைய பாக்கலாம், படகுக்கு அது ஆகவே ஆகாது. சாதா செம்புலயும் உப்புக்காத்து இன்சுலேஷனுக்குள்ள ஏறி களிம்பு பிடிச்சு உள்ளுக்குள்ளயே கருத்துப்போகும், வெளிய பாத்தா வயர் புதுசு மாதிரி இருக்கும், பாட்டு மட்டும் விட்டு விட்டு கேக்கும். தடிமன் எடுக்கும்போது போற தூரம், வர்ற தூரம் ரெண்டையும் கூட்டி கணக்கு பாருங்க, ஆம்புக்குப் போற லைன்ல வோல்டேஜ் இழப்பு 3 சதவீதத்துக்குள்ள இருக்கட்டும், 12 வோல்ட்ல அது 0.36 வோல்ட்தான். நெகட்டிவ்வும் அதே தடிமன்ல அதே பேட்டரிக்கோ பஸ் பாருக்கோ (பல வயரை ஒண்ணா சேக்குற உலோகப் பட்டை) திரும்பி வரணும், கார்ல பாடியில கட்டுற மாதிரி இங்க கைப்பிடிக் கம்பியிலயோ எஞ்சின்லயோ கட்டக் கூடாது, அப்படிக் கட்டினா துருவும் இரைச்சலும் ரெண்டும் சேந்து வரும்.

ஃபியூஸ் எதுக்குன்னா வயரைக் காப்பாத்த, ஸ்டீரியோவைக் காப்பாத்த இல்ல. அதனால அது பேட்டரி பக்கத்துலதான் இருக்கணும். அமெரிக்காவுல படகுகளுக்கு பாதுகாப்புத் தரம் வகுக்குற ஏபிஒய்சியோட மின்சார விதிமுறை 7 இஞ்சுக்குள்ளன்னு சொல்லுது, வயரை உறைக்குள்ள விட்டா கொஞ்சம் கூட தூரத்துக்கு சலுகை உண்டு, ஆனா பக்கத்துல வைக்க முடியும்னா பக்கத்துலயே வைங்க. ஜாயின்ட் எல்லாம் கிரிம்ப் பண்ணி (கருவியால நசுக்கி இறுக்கி), உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு சூடு காட்டி மூடுங்க. வெறும் சால்டரை நம்பாதீங்க, படகு அதிரும்போது சால்டர் ஏறி விறைப்பான இடத்துல வயர் முறியும். 18 இஞ்சுக்கு ஒரு கிளாம்ப், ஒவ்வொரு கனெக்ஷனுக்கு முன்னாடியும் வயர் கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி ஒரு வளைவு, இது ரெண்டும் இருந்தா வயர் வழியா ஓடி வர்ற தண்ணி வளைவுலயே சொட்டிடும், டெர்மினலுக்குள்ள போகாது.

ஸ்டீரியோவோட மஞ்சள் வயர் எப்பவும் கரண்ட் கேக்கும், சிவப்பு வயர் ஸ்விட்ச் வழியா வரணும். கார் தினமும் ஓடும், படகு வாரக்கணக்குல சும்மா நிக்கும், மஞ்சள் வழியா துளித்துளியா போயே பேட்டரி படுத்துடும். மஞ்சளையும் சிவப்பையும் சேத்து ஒரே ஸ்விட்சுக்குப் பின்னாடி போட்டுட்டா முடிஞ்சுது. சில மாடல்ல ஸ்டேஷன் செட்டிங்ஸ் அழியும், அழிஞ்சா அழியட்டும்.

பெட்ரோல் எஞ்சின் படகுன்னா இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். எஞ்சின் ரூம்லயோ பெட்ரோல் டேங்க் இருக்கிற அறையிலயோ ஆம்ப், ரிலே, ஸ்விட்ச் எதையும் வைக்காதீங்க, வெச்சே ஆகணும்னா இக்னிஷன் புரொடெக்டட்னு (அதோட பொறி வெளிய இருக்கிற ஆவியைப் பத்த வைக்காதுன்னு) முத்திரை இருக்கிறதா மட்டும் பாத்து வைங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், அடியில போய் தேங்கி நிக்கும், ஒரு சின்ன பொறி போதும்.

இப்ப ஸ்பீக்கர். மெரைன்னு பேர் போட்டதெல்லாம் மெரைன் இல்ல. கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு) பாலிபுரொப்பிலீனா, சுத்து விளிம்பு ரப்பரா, வெயில்ல மஞ்சளாகாத பிளாஸ்டிக்கா, ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ்ஸா, உப்புப் பனி டெஸ்ட்டான ஏஎஸ்டிஎம் பி117 பண்ணதா எழுதியிருக்கா, இதைத்தான் பாக்கணும். வாட்ஸை விட சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கிறதை, முதல்ல பாருங்க. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் 3தானேன்னு தோணும், ஆனா அந்த 3ஐ ஆம்ப்ல இருந்து எடுக்கணும்னா பவரை ரெண்டு மடங்காக்கணும், அது நேரா பேட்டரி கணக்குல போய் விழும்.

எங்க வைக்கிறதுன்னா, ஆள் உக்காருற இடத்துக்குப் பக்கத்துல, முடிஞ்ச வரைக்கும் காது உயரத்தைப் பாத்து. கால்கிட்ட வெச்சா மேல் சுருதி சத்தம் எல்லாம் முழங்காலுக்குத்தான் கேக்கும். ரெண்டு ஸ்பீக்கரைக் கத்த விடுறதை விட நாலை மெதுவா பாட விடுறது எப்பவும் நல்லா இருக்கும். ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குங்கிறதால காம்பஸ்கிட்ட வைக்காதீங்க, குறைஞ்சது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும், ஓட்டை போடுறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கரை அந்த இடத்துல கையில பிடிச்சு முள் நகருதான்னு பாத்துடுங்க. லேசா நகந்தாலும் வேற இடம் தேடுங்க.

ஓட்டை போடும்போது அவசரமே வேண்டாம். பின்னாடி என்ன இருக்குன்னு கை விட்டு, டார்ச் அடிச்சு, போன் கேமராவை உள்ள விட்டு பாருங்க, வயர், எரிபொருள் குழாய், டேங்க் எதுவா வேணா இருக்கலாம். படகோட வெளி உடம்புலயும் தண்ணி தடுக்கிற சுவர்லயும் கத்தியே வைக்காதீங்க. மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹோல் சாவை (வட்டமா வெட்டுற ரம்பம்) முதல்ல ரிவர்ஸ்ல சுத்த விட்டு ஜெல்கோட்டை (பளபளப்பான மேல் பூச்சு) மட்டும் கீறிட்டு அப்புறம் நேரா வெட்டினா ஓரம் பிசிறு பிசிறா உடையாது. வெட்டின இடத்துல நடுவுல பால்சா மரமோ பிளைவுட்டோ தெரிஞ்சா அதை எபாக்ஸி பூசி முழுசா அடைச்சு காய விட்டுட்டுதான் ஸ்பீக்கரை மாட்டணும். இதை விட்டா ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி இறங்கி மரம் ஊறி உளுத்து, பாட்டுக்குன்னு ஆரம்பிச்சது தளத்தையே பிரிச்சு செய்யுற வேலையில போய் நிக்கும். பின்பக்கம் சாமான் வைக்கிற அலமாரியா இருந்தா ஸ்பீக்கர் முதுகுக்கு ஒரு சின்ன மூடி செஞ்சிடுங்க, இல்லன்னா நங்கூரக் கயிறு போய் டெர்மினலை இழுக்கும்.

பேஸ் வேணும்னா சப்வூஃபர் இல்லாம முடியாது, 6.5 இஞ்ச் ஸ்பீக்கர்கிட்ட திறந்த வெளியில பேஸ் எதிர்பாக்கிறது அதுக்கு பண்ற கொடுமை. பெட்டி வைக்க இடம் இல்லன்னா ஃப்ரீ ஏர் டைப்ல 10 இஞ்ச் ஒண்ணை சீட்டுக்கு அடியில மாட்டலாம், முன்பக்கமும் பின்பக்கமும் காத்து கலக்காம அடைப்பா இருக்கணும், அடைப்பு இல்லன்னா கோன் ஆடும், சத்தம் வராது.

ஆம்ப் வாங்கும்போது மேக்ஸ், பீக்னு போட்ட நம்பரைக் கண்ணாலயே பாக்காதீங்க, ஆர்எம்எஸ் மட்டும். ஆம்ப் பவரை அளக்குறதுக்கான சிடிஏ 2006 முறைப்படி அளந்ததுன்னு போட்டிருந்தா நம்பலாம். ஆனா அந்த அளவு 14.4 வோல்ட்ல எடுக்கிறது, எஞ்சின் நின்னா பேட்டரி 12.6தான், நிறைய ஆம்ப்ல பவர் முக்கால் பங்கா இறங்கிடும். கொஞ்சம் கூடவே வாங்கி வைங்கன்னு சொல்றது இதுக்குத்தான். ரெண்டு ஸ்பீக்கரை பேரலலா போட்டா 4 ஓம்ஸ் 2 ஓம்ஸ் ஆகும், ஆம்ப் அதைத் தாங்குமான்னு பாத்துட்டு போடுங்க.

எல்லாம் மாட்டியாச்சா, டியூனிங். ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் 1.5 வோல்ட் பேட்டரியால தொட்டுப் பாருங்க, பிளஸ் பிளஸ்ல பட்டா கோன் வெளிய தள்ளணும், ஒண்ணு மட்டும் உள்ள போனா அது திருப்பி மாட்டினது, பேஸ் காணாம போறதுக்கு இந்த ஒரு காரணமே போதும். 6.5 இஞ்சுக்கு ஹை பாஸ் (அதுக்குக் கீழ உள்ள சுருதியை வெட்டுற செட்டிங்) 80ல இருந்து 100 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோ பாஸ் (அதுக்கு மேல உள்ளதை வெட்டுறது) 80. அப்புறம் ஸ்டீரியோவை முக்கால் வால்யூம்ல வெச்சு, ஆம்ப் கெயினை (ஸ்டீரியோ சிக்னலுக்கு ஏத்தபடி ஆம்பைப் பொருத்துற திருகு) கீழ இருந்து மெதுவா ஏத்தி, குரல் கரகரன்னு ஆகுற இடத்துல இருந்து கொஞ்சம் இறக்கி விடுங்க. கெயின் வால்யூம் இல்ல, அதை ஃபுல்லா வெச்சா மேல் சுருதிக்கான ட்வீட்டர்தான் முதல்ல போகும்.

எஞ்சின் ஓடும்போது ஙொய்னு ஒரு சத்தம், ரேஸ் பண்ணா அதுவும் ஏறுதுன்னா கிரவுண்ட் பிரச்சனைதான் பெரும்பாலும், ஸ்டீரியோ, ஆம்ப் ரெண்டோட நெகட்டிவ்வையும் ஒரே பஸ் பார்ல சேருங்க, ஸ்டீரியோவுல இருந்து ஆம்புக்கு சிக்னல் கொண்டு போற ஆர்சிஏ கேபிளை பவர் வயர் கூட சேத்துக் கட்டாதீங்க. படகுக்குப் படகு பேசிக்கிற விஹெச்எஃப் ரேடியோவைக் கண்டிப்பா செக் பண்ணுங்க. 16வது சேனல்ல வெச்சு, இரைச்சல் அடங்குற இடத்துல ஸ்குவெல்ச்சை (ரேடியோ இரைச்சலை அடக்குற திருகு) நிறுத்திட்டு சிஸ்டத்தை ஆன் பண்ணுங்க, இரைச்சல் திரும்ப வந்தா ஆம்ப் ரேடியோவைக் கெடுக்குது, ஆம்பையோ அதோட வயரையோ ஆன்டெனா கேபிள்கிட்ட இருந்து நகத்தணும். உதவி கேட்டு யாராவது கூப்பிடுறது அந்த சேனல்லதான்.

சர்வதேச கடல் போக்குவரத்து விதிகள்ல 5வது விதி கண்ணால மட்டும் இல்ல, காதாலயும் காவல் பாக்கணும்னு சொல்லுது. அதனால ஓட்டுறவர் பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் தனி ஜோனாக்கி, ஓடும்போது குறைக்கிற மாதிரி வைங்க, நல்ல மெரைன் ஸ்டீரியோவுல இந்த வசதி இருக்கும். நங்கூரம் போட்டு பின்பக்கம் ஆளுங்க தண்ணியில விளையாடும்போது பாட்டுக்காக எஞ்சினை ஓட விடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, படகுக்குப் பின்னாடிதான் வந்து சேரும். ராத்திரி சவுண்டைக் குறைங்க, தண்ணி மேல சத்தம் ரொம்ப தூரம் போகும்.

பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்ல. கடல்ல போயிட்டு வந்தா கிரில்லை நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைங்க, பிரஷர் வாஷர் வேண்டாம், கோன் கிழிஞ்சிடும். வருஷத்துக்கு ஒரு தடவை டெர்மினல் எல்லாம் இறுக்கிப் பாத்து, பச்சைக் களிம்பு தெரிஞ்சா வெட்டி புதுசா கிரிம்ப் பண்ணுங்க, அதுக்காகவே மாட்டும்போது ஒவ்வொரு முனையிலயும் அரை அடி வயர் கூட விட்டு வைங்க.