கிரேக்கச் சிலைகளை வீட்டிலிருந்தே பார்ப்பது எப்படி? முதல் தடவைக்கு இரண்டு சிலை போதும்

இணையத்தில் அருங்காட்சியகம் பார்க்க உட்கார்ந்தால் சிலை சிலையாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் எல்லாம் ஒரே வெள்ளைக் கல்லாகத் தெரிகிறது என்று மூடிவிடுவதுதான் வழக்கம். அப்படிப் பார்க்காதீர்கள். இரண்டே சிலை, ஒரு மணி நேரம். போனை விட லேப்டாப் நல்லது.

படி 1. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் ‘கூரோஸ்’ (kouros) என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். கூரோஸ் என்றால் இளைஞன். கி.மு. 590-580 வாக்கில் செதுக்கிய இந்தச் சிலை, ஏதென்ஸ் பக்கத்துப் பெரிய வீட்டுப் பையன் ஒருவனின் கல்லறை மேல் நின்றது. இன்னொரு டேபில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத் தளத்தைத் திறந்து ‘கிரிட்டியோஸ் சிறுவன்’ (Kritios Boy) சிலையை எடுங்கள். அது சுமார் கி.மு. 480. நடுவில் நூறு வருடம்.

படி 2. ஒரு இஞ்ச் டேப் எடுத்து, சுவரில் 195 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கூரோஸின் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவு. 117 செ.மீ.யில் இன்னொரு கோடு; பாதம் உடைந்துபோன சிறுவன் இப்போது நிற்கும் உயரம் அதுதான். திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிவதால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

படி 3. கூரோஸை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று எல்லாப் படங்களிலும் பாருங்கள். மணி கோத்த மாதிரி முடி, விறைத்த கை, முன்னால் வைத்த இடது கால். எகிப்தியரிடம் கற்ற நிலைதான் இது, ஆனால் அவர்கள் கைக்கும் உடம்புக்கும் நடுவே விட்டுவைத்த கல்லைக் கிரேக்கச் சிற்பி வெட்டி எடுத்துவிட்டான். இப்போது இடுப்பைப் பாருங்கள். ஒரு கால் முன்னால் போயும் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறது.

படி 4. எழுந்து அதே மாதிரி நில்லுங்கள். கொஞ்ச நேரத்திலேயே உடம்பு ஒத்துழைக்காது. அப்புறம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நிற்பீர்களே, அப்படி எடையை இடது காலில் போட்டு, வலது முழங்காலைத் தளர்த்தி, இடுப்பில் கை வையுங்கள். இடது பக்கம் ஏறி, வலது பக்கம் இறங்கியிருக்கும்.

படி 5. சரி, இப்போது சிறுவனிடம் வாருங்கள். உங்கள் கைக்குத் தெரிந்த அதே ஏற்ற இறக்கம் அந்தப் பளிங்கு இடுப்பில் இருக்கிறது, தலையும் லேசாக வலப்பக்கம் திரும்பியிருக்கிறது, மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற பையன் போலவே இருக்கிறான். எனக்கு இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். நூறு வருடமாகச் சிற்பிகள் தலைமுறை தலைமுறையாக உளி பிடித்து வந்து சேர்ந்த இடம் இந்த ஒரு இடுப்புதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவசரமாகத் தளத்தை மூடிவிடாதீர்கள், சிறுவனின் கண்ணை ஜூம் செய்யுங்கள். கண்களைத் தனியாகச் செய்து பதித்திருந்தார்கள், அவை போய்விட்டன, இரண்டு குழிதான் மிச்சம். அப்படியே கழுத்துக்கு இறங்குங்கள். உடல் கிடைத்தது 1865இல், தலை கிடைத்தது 1888இல். இரண்டையும் சேர்த்த கோடு அங்கேதான் இருக்கிறது.