டைனமோவைக் கடைசியில் கழற்றுங்கள்: பழைய வண்டியில் சார்ஜ் நிலையாக ஏற

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அம்பாசடர், பியட், மோரிஸ் மைனர் வண்டிகளில் பேட்டரி இறங்கினால் பழி முதலில் டைனமோ (இன்ஜின் சுழற்றச் சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் தரும் கருவி) மேல் விழும். கழற்றிக் காயில் கட்ட, அதாவது உள்ளே இருக்கும் கம்பியைப் புதிதாகச் சுற்ற, கொடுப்பார்கள். அது சரிவராவிட்டால் டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்து வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியை மாற்றுவார்கள், அப்புறம் புதுப் பேட்டரி. கோளாறோ பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள இணைப்புகளில்தான் இருக்கும்: உப்புப் பூத்த டெர்மினல், தளர்ந்த எர்த் (பாடியோடு சேர்க்கும் இணைப்பு), வழுக்கும் பெல்ட். அதனால் வேலையைப் பேட்டரியில் தொடங்கி டைனமோவில் முடியுங்கள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், மெல்லிய உப்புத்தாள், கொஞ்சம் வாசலின் இருந்தால் போதும்.

கம்பியில் கை வைக்குமுன் வண்டி எந்த எர்த் என்று பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் பிடித்திருக்கும். பியட் நெகட்டிவ் எர்த். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையைக் கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது.

பேட்டரியை இரவு முழுக்க சும்மா விட்டுக் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. ஆறு செல்லையும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைவாக நின்றால் அந்தப் பேட்டரி முடிந்தது, எந்த டைனமோவாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. டெர்மினலில் பூத்த உப்பை வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவால் கழுவலாம். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகவே கூடாது. துடைத்து, முனையும் கிளாம்பும் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகுதான் வாசலின். முதலிலேயே தடவிவிட்டு இறுக்குவது தவறு.

அடுத்தது எர்த். வீட்டில் செய்யும் வேலைகளில் அதிகப் பலன் தருவது இதுதான். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரை 2 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையை டைனமோவின் உடம்பிலும் மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். கிளாம்பில் வைக்காதீர்கள், பேட்டரியின் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஏதோ ஒரு பிடிப்பு கெட்டிருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே தனிப் பட்டை வேண்டும். அது அறுந்தால் மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சுட்டால் வேறெங்கும் தேட வேண்டாம், பட்டையை மாற்றுங்கள். பெயின்ட் மேல் போல்ட்டை இறுக்கிப் பயனில்லை, அந்த இடத்தைத் தகடு தெரியச் சுரண்ட வேண்டும்.

இதே சோதனையைக் கட்-அவுட் பெட்டியில் பேட்டரிக்குப் போகும் ஏ டெர்மினலுக்கும் பேட்டரியின் மற்ற முனைக்கும் இடையே செய்யுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர் வண்டிகளில் கம்பி வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும். கறுப்பு முடிந்து செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி, முனையில் புது லக் (கம்பியைப் பொருத்தும் உலோக வளையம்) போட்டு அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடுங்கள். நீளம் போதாவிட்டால் ஒட்டுப்போடாமல் முழுக் கம்பியையும் மாற்றுங்கள். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த இடம் இருக்கிறதா என்று டேஷ்போர்டுக்கு அடியிலும் பார்க்க வேண்டும்.

பெல்ட்டை நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். புல்லியின் வி பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். அதை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, டைனமோவின் பேரிங்தான் போகும்.

இத்தனைக்குப் பிறகும் சார்ஜ் வரவில்லையென்றால் டைனமோவை வண்டியில் இருக்கும்போதே சோதிக்கலாம். கீழே சொல்வது லூகாஸ் கம்பெனி டைனமோவுக்கு. டி (மின்சாரம் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்ட் காயில் முனை) இரண்டு கம்பிகளையும் கழற்றுங்கள். டைனமோவின் அந்த இரு டெர்மினல்களையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து, மீட்டரின் ஒரு முனையை அங்கேயும் மற்றதை எர்த்திலும் வையுங்கள். ஐடிலிங்கிலிருந்து மெதுவாக வேகம் கூட்டினால் வோல்ட் தடங்கலின்றி ஏறி 20ஐ நெருங்க வேண்டும். 1000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாதீர்கள், காயில் கருகிவிடும். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் காந்தம் உண்டாக்கும் ஃபீல்ட் காயிலில் கோளாறு, நான்கைந்து வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரில். இப்போதுதான் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டிய கட்டம்.

பிரஷ் கூட்டுக்குள் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். ஸ்பிரிங்கைத் தூக்கி, பிரஷ்ஷை வால்கம்பியால் லேசாக இழுத்துப் பார்த்தாலே தெரியும். பிரஷ் உரசும், செம்புப் பட்டைகளால் ஆன கம்யூடேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம், எமரித் தாள் கூடாது. அதன் துகள் மின்சாரம் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே மாட்டினால் ஷார்ட்டாகும். பட்டைகளுக்கு நடுவே மின்சாரம் பாயாமல் தடுக்கும் மைக்கா செம்பு மட்டத்துக்கு வந்திருந்தால், ஹேக்ஸா பிளேடை மெல்லியதாகத் தீட்டி 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்தெடுங்கள். பின்மூடியின் நடுவில் உள்ள எண்ணெய்த் துளையில் இரண்டு மூன்று சொட்டு இன்ஜின் ஆயில் போதும். அதிகம் விட்டால் கம்யூடேட்டரில் போய்ப் பிரஷ்ஷைக் கெடுக்கும்.

கழற்றி மாட்டிய டைனமோவுக்கும், நெடுநாள் நின்ற வண்டிக்கும் காந்தம் ஏற்ற வேண்டும். எஃப் கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு கம்பியை டைனமோவின் எஃப் டெர்மினலில் கணநேரம் தொட்டு எடுங்கள். எர்த் மாற்றிய வண்டியில் இதைச் செய்யாமல் இன்ஜினைக் கிளப்பவே கூடாது.

கட்-அவுட் பெட்டியில் ஸ்க்ரூவைத் திருகி வோல்ட் ஏற்றும் பழக்கத்தை விடுங்கள். பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது: டைனமோ 13 வோல்ட்டை நெருங்கியதும் பேட்டரியோடு சேர்ப்பது ஒன்று, மேலே போகாமல் கட்டுப்படுத்துவது மற்றொன்று. இரண்டுக்கும் இ டெர்மினலின் எர்த் தேவை. அது தளர்ந்தால் பெட்டி வோல்ட்டைக் குறைவாக உணரும், பேட்டரி கொதிக்கும், பல்புகள் போகும். முழுக்க அறுந்தால் கட்-அவுட் சேரவே சேராது. இன்ஜினை நிறுத்திய பிறகும் ஆம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் அப்பி நின்றால் கட்-அவுட்டின் பாயின்ட் ஒட்டிக்கொண்டது. உடனே பேட்டரி கம்பியைக் கழற்றுங்கள், தாமதித்தால் டைனமோ எரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்குகிறதென்றால் வண்டியின் வேலையைப் பாருங்கள். டைனமோ ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. மாப்பிள்ளை அழைப்பில் வண்டி நடைவேகத்தில் போகும். 45 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 7.5 ஆம்பியர், இக்னிஷன் காயிலுக்கு 3, பின்விளக்கு முதலியவற்றுக்கு 2 என்றால் மொத்தம் 12.5 ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி இறங்கும், 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதிக்கு மேல். சீரியல் விளக்குக்கும் பாட்டுக்கும் தனிப் பேட்டரி வையுங்கள். பின்விளக்குகளை எல்இடிக்கு மாற்றுவதும் உதவும், பாசிட்டிவ் எர்த் வண்டிக்குப் பொருந்தும் பல்பா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வாரம் இரண்டு முகூர்த்தத்துக்குப் போகும் வண்டிக்கு, டைனமோவுக்குப் பதில் பிந்தைய வண்டிகளில் வரும் ஆல்டர்னேட்டரே சரி என்பது எங்கள் கருத்து. காட்சிக்கு வைத்து ஞாயிறு மட்டும் ஓட்டும் வண்டிக்கு டைனமோவே அழகு. மாற்றினால் வண்டி நெகட்டிவ் எர்த் ஆக வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைத் தக்க ஃபியூஸோடு தனியாக இழுங்கள். 30 ஆம்பியர் பழைய ஆம்மீட்டர் வழியாக அதை விடாதீர்கள், வோல்ட்மீட்டர் போதும். சார்ஜ் விளக்கின் பல்ப் இல்லாவிட்டால் பல ஆல்டர்னேட்டர்கள் எழும்பாது. ஓடும்போது பேட்டரியைக் கழற்றக் கூடாது. கழற்றினால் டயோடு போகும்.

ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் நின்ற தண்ணீரில் போய்வந்த வண்டியின் பிரஷ் மூடியை அன்றே திறந்து காற்றடித்துக் காயவிடுங்கள். களிமண் சேறு காய்ந்தால் பிரஷ் கூட்டிலேயே இறுகிவிடும். மழை முடியும்வரை வண்டி கொட்டகையில்தான் நிற்கப் போகிறதென்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை 4 ஆம்பியர் சார்ஜரில் போடுங்கள்.