வயதில் மூத்தவரிடம் வேலை வாங்க

இலங்கையில், கல்முனையில் ஒரு புடவைக் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன், கடைசி நாலு வருடம் மேற்பார்வையாளராக. எனக்குக் கீழே ஒன்பது பேர். அதில் ஒருவர் மருதமுனைக் காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்). சின்ன வயதில் அம்மாவோடு தீபாவளிச் சட்டைக்கு வந்தபோது எனக்குத் துணி அளந்து கிழித்துத் தந்தவர். இப்படி ஒருவருக்கு வேலை சொல்ல வேண்டிய இடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன்.

குறையை ஆக்களுக்கு முன்னால் சொல்லவே வேண்டாம். நான் சொன்னேன். தீபாவளிக் கூட்டத்துக்குள், "பில் போடாம ஏன் சாறியக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேள்வி சரி, கேட்ட இடம் பிழை. காக்கா அளவுகோலை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். மூன்று நாள் வரவில்லை. வீடு தேடிப் போனேன். தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகுதான் வாய் திறந்தார்: "பிழையச் சொல்லுங்க மகள். புதுப் பொடியன்மாருக்கு முன்னால சொல்லாதீங்க. நாளைக்கு நான் சொல்றத அவன் கேப்பானா?"

அன்றிலிருந்து சரக்கறைக்குள் கூப்பிட்டுத்தான் கதைக்கிறேன். புது ஒழுங்கு எது வந்தாலும் முதலில் அவரிடம் சொல்லி, அவர் வாயால் மற்றவர்களுக்குப் போக விடுகிறேன். நான் பத்துத் தரம் சொல்லி நடக்காதது அவர் ஒரு தரம் சொன்னால் நடக்கிறது.

இளசுகளுக்கு இது சரிவராது. அவர்களுக்குக் காரணம் வேண்டும். "ஏன் அக்கா?" என்று கேட்பதை வாய்க்கொழுப்பாக எடுக்காதீர்கள். நோன்புப் பெருநாள் கிழமையில் இரவு பத்து மணி வரை நிற்கச் சொன்னபோது, ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடித்த பாண்டிருப்புத் தம்பி ஒருவன் ஓவர்டைம் கணக்குக் கேட்டான். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. ஓவர்டைம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, சம்பளம் ஒன்றரை மடங்கு. பொடியன் கேட்டது அவன் உழைத்த காசு. கடை பூட்டிய பிறகு முதலாளியிடம் தனியாகக் கணக்கை எழுதிக் காட்டினேன். முதலாளிக்கும் முகம் உண்டு.

கோபத்தில் "நாளைக்கு வராத" என்ற சொல் மட்டும் வரக் கூடாது. வேலையால் நிறுத்தப்பட்டவர் 6 மாதத்துக்குள் வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போகலாம். பிழை நடந்தால் திகதி போட்டு எழுதுங்கள், அவர் பக்கத்துக் கதையையும் எழுதி வாங்குங்கள்.

தம்பியின் கணக்கைப் போடும்போதுதான் காக்காவின் நினைவு வந்தது. அவரும் அதே பத்து மணி வரை நின்றவர். அவர் கேட்க மாட்டார். முதலாளியிடம் காசு கேட்பது அவருக்கு வெட்கம். மூத்தவர்கள் வாய் திறக்கவில்லை என்பதற்காக அவர்களுக்கு ஒன்றும் சேர வேண்டியதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேட்கிறவனுக்குப் போடும் அதே நாளில், அதே கணக்கில் அவர்களுக்கும் போடுங்கள்.

கவரைக் கையில் கொடுத்தேன். "இது என்னத்துக்கு மகள்?" என்றார். மணித்தியாலக் கணக்கை வாசித்துக் காட்டினேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, துணி மடிக்கப் போனார்.