‘ஒருவருக்கும் பாதிப்பில்லை’ என்றால் 3ஐ வகுத்துப் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரையிலோ வார்டு தணிக்கையிலோ ‘பக்கவிளைவு பூஜ்யம்’ என்று வந்தால், 3ஐ நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். கிடைப்பதுதான் ஏறத்தாழ 95% நம்பக இடைவெளியின் (உண்மை விகிதம் இருக்கக்கூடிய வரம்பின்) மேல் எல்லை. கேனுலாவுக்கு (ரத்த நாளத்தில் மருந்து செலுத்தும் சிறு குழாய்க்கு) புது பிளாஸ்டர் ஒட்டிய 60 பேரில் ஒருவருக்கும் தோல் உரியவில்லையா? 3/60, அதாவது 5%. 100 பேருக்கு 5 பேர் வரை உரியலாம் என்பதை அந்தத் தணிக்கை இன்னும் மறுக்கவில்லை. 300 பேர் என்றால் எல்லை 1% ஆகிவிடும்.

காரணம் எளிது. உண்மை விகிதம் 5% ஆக இருந்தாலும் 60 பேரும் தப்பிக்கும் வாய்ப்பு 0.95ஐ 60 முறை பெருக்கியது, சுமார் 4.6%. அதைவிட அதிக விகிதம் என்றால் அந்த வாய்ப்பு இன்னும் சுருங்கும்; 5%க்குக் குறைந்த வாய்ப்பை ஒதுக்கிவிடுவதால்தான் எல்லை இங்கே விழுகிறது. சிங்கப்பூர் வார்டுகளில் முதிய நோயாளிகள் அதிகம், அவர்களின் தோலும் மெல்லியது. அங்கே 5% சின்ன எண்ணல்ல.

ஒருவருக்குப் பாதிப்பு வந்திருந்தாலும் இந்தக் கணக்கு செல்லாது. 30 பேருக்குக் கீழும் வேண்டாம், விடை பிசகும். வழக்கமாகத் தவறுவது வேறோர் இடத்தில்: 20 பேருக்கு மும்மூன்று முறை ஒட்டிவிட்டு 60 என்று எழுதுவார்கள். ஆட்களை எண்ணுங்கள், பிளாஸ்டரை அல்ல.