புனிதர் பெயர் வைத்த கல்லூரியில் புகார் எழுதுவது எப்படி

நான் படித்த கல்லூரிக்கு ஒரு புனிதரின் பெயர். மூன்றாம் ஆண்டில் ஒருநாள், ஆய்வகத்தில் என் கையிலிருந்த சால்டரிங் அயர்னை (கம்பிகளைப் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) வாங்கிப் பக்கத்துப் பையனிடம் நீட்டினார் ஆசிரியர். "நீ ரெக்கார்டு எழுதும்மா, உன் கையெழுத்து அழகா இருக்கும்." துறைத் தலைவியிடம் போய்ச் சொன்னேன். "இது மதத்துக்காரங்க நடத்துற காலேஜ்மா, இங்க அவங்க வழக்கப்படிதான்" என்று அனுப்பிவிட்டார். அதை நம்பி வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் நம்பாதீர்கள்.

பெயரில் மதம் இருப்பது வேறு, நிர்வாகம் மத அமைப்பின் கையில் இருப்பது வேறு. பனாரஸ் இந்து பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம்தான். உண்மையிலேயே சிறுபான்மைக் கல்லூரியாக இருந்தாலும், அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு தருவது நிறுவி நடத்தும் உரிமை. மாணவியை மட்டம்தட்டும் உரிமை அதில் இல்லை.

அடுத்து, எங்கே போவது? பாலியல் பேச்சு, தொடுதல், ஆபாச மெசேஜ் என்றால் உள் புகார்க் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2015 விதிமுறைப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. விசாரணைக்கு 90 நாள். துறைத் தலைவர், டீன், பதிவாளர் யாரும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. எனக்கு நடந்தது போன்ற பாகுபாடு என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு. 2023 விதிமுறைப்படி அவர்கள் 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் ஆம்பட்ஸ்பர்சன் எனும் குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு உண்டு; அதற்கும் 15 நாள்தான் கெடு.

கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "அவர் ஆணாதிக்கவாதி" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயமாகவே நின்றுவிடும். தேதி, பீரியட், அறை, சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார்: இவற்றை அன்றிரவே குறித்துவையுங்கள். நான் எழுதியிருக்க வேண்டிய வரி இது: "பேட்சில் பெண்கள் ஐந்து பேர், அன்று ஐந்து பேரும் நோட்டுதான் எழுதினோம், ஒருவர்கூட அயர்னைத் தொடவில்லை." அந்த எண்ணிக்கையை யாராலும் மழுப்ப முடியாது.

மதத்தைக் கடிதத்துக்குள் இழுக்காதீர்கள். இழுத்தால் விவாதம் மதத்தைச் சுற்றியே ஓடும், அயர்ன் மறந்துபோகும். "நம்ம காலேஜ் பேர் கெட்டுடும்மா" என்று யாராவது கெஞ்சினால், அந்த வார்த்தையையும் தேதியோடு எழுதிவையுங்கள். தனியாகப் போகாதீர்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்ட பிறகே அலுவலகத்தைவிட்டு வெளியே வாருங்கள்.