வினோதமான துப்பாக்கி கைக்கு வந்தா பண்ணக்கூடாத தவறுகள்

புதுசா கலெக்‌ஷன் ஆரம்பிக்கிறவங்க நெறைய பேர் ஒரே இடத்துல தான் சறுக்குறாங்க. பாக்க ரிவால்வர் மாதிரி இருக்கு, அப்போ உள்ளயும் மத்த ரிவால்வர் மாதிரி தான் வேலை செய்யும்னு நெனச்சுக்கிறாங்க. வினோத டிசைன்னா அப்படி இல்லங்க, எது வித்தியாசமா இருக்கோ அங்கதான் ஆபத்தும் இருக்கும்.

ரஷ்ய ராணுவத்தோட நகான்ட் 1895 ரிவால்வரையே எடுத்துக்கோங்க. சாதாரண ரிவால்வர்ல சிலிண்டருக்கும் (தோட்டா போடுற சுழல் உருளை) பேரலுக்கும் (குழல்) நடுவுல மெல்லிசா ஒரு சந்து இருக்கும், சுடும்போது அது வழியா கேஸ் சீறிட்டு வெளிய வரும். நகான்ட்ல காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு பின்னாடி இருக்கிற ஹேமரை (சுத்தியல்) மெதுவா இழுத்தீங்கன்னா, 7 அறை இருக்கிற அந்த சிலிண்டர் அப்படியே முன்னாடி நகந்து பேரலோட ஒட்டி அந்த சந்து கண்ணெதிரயே மூடிக்கும். அதோட தோட்டாவுல பித்தளைக் கூடு குண்டை முழுசா முழுங்குற அளவு நீளம், அதோட வாய் பேரலுக்குள்ள போய் விரிஞ்சு கேஸை அடைச்சிடும். இப்ப அந்தத் தோட்டா கெடைக்கலன்னு பாயிண்ட் 32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் போடுறாங்க. உள்ள போகும், வெடிக்கவும் செய்யும், ஆனா கூடு குட்டை, அறைக்குள்ள லூஸ், அதனால உப்பிக்கும், சில சமயம் கிழிஞ்சும் போகும், சீலும் ஆகாது.

"உள்ள போகுதே"ங்கிற இந்த நெனப்பு வெப்லி மார்க் 6லயும் ஆளை மாட்டிவிடும். பாயிண்ட் 455 தோட்டாவுக்காக செஞ்ச ரிவால்வர் அது, சிலிண்டரோட பின்பக்கத்தை செதுக்கி பாயிண்ட் 45 ஏசிபிங்கிற பிஸ்டல் தோட்டா போடுற மாதிரி மாத்தினது நெறைய சுத்திட்டு இருக்கு. ஆனா ஏசிபியோட பிரஷர் ரொம்ப அதிகம், அந்த சிலிண்டர் அதுக்காக செஞ்சது இல்ல. தயவுசெஞ்சு ஃபுல் பவர் தோட்டா போடாதீங்க.

ரிவால்வர் சிலிண்டர் வெச்ச ரைஃபிள்னா, கோல்ட் 1855 மாதிரி, இடது கையை பழக்கதோஷத்துல பேரலுக்கு கீழ கொண்டு போய்டுவோம். சந்துல இருந்து வர்ற கேஸும் ஈயத் துணுக்கும் நேரா அந்தக் கை மேலதான் அடிக்கும். கருமருந்து துப்பாக்கின்னா ஒரு அறை வெடிச்சு பக்கத்து அறையும் சேந்து பத்திக்கிற ஆபத்து வேற இருக்கு.

ஜப்பானோட டைப் 94 பிஸ்டல்ல இடது பக்கம் சியர் பார் (சுடுற வரைக்கும் ஹேமரை பிடிச்சு வெக்கிற அமைப்போட பட்டை) வெளியவே தெரியும், லோட் ஆகி காக் ஆகியிருந்தா, அதாவது சுடத் தயாரா இருந்தா, அதை அழுத்தினாலே வெடிச்சிடும், ட்ரிகரை தொடவே வேணாம். அதை லோட் பண்ணாம வெச்சிருக்கிறதுதான் சரின்னு நான் உறுதியா நெனைக்கிறேன். 1960கள்ல வந்த ஜைரோஜெட் வேற கதை. அது குட்டி ராக்கெட் சுடுறது, பேரலை விட்டு மெதுவா கெளம்பி பறக்கப் பறக்கத்தான் வேகம் எடுக்கும். அந்த ஒரிஜினல் ராக்கெட்டையே இன்னைக்கு தனியா கலெக்ட் பண்றாங்க, ஆசைக்கு ஒண்ணு சுட்டீங்கன்னா ஒண்ணு போச்சு.

சுத்தம் பண்றதுலயும் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. பழைய ராணுவத் தோட்டா பலதுல பிரைமர் (மருந்தைப் பத்த வெக்கிற சின்ன மூடி) எரிஞ்சதும் ஒரு உப்பு மிஞ்சும், அது ஈரத்தை இழுத்து பேரலை அரிச்சிடும். எண்ணெய்ல உப்பு கரையாதுங்க, மொதல்ல சுடுதண்ணி ஊத்தி கழுவி நல்லா காய வெச்சிட்டுத்தான் எண்ணெய் போடணும்.

ஆக்சசரீஸ்க்கு வந்தா, மவுசர் சி96 பிஸ்டலுக்கு அதை வெக்கிற மர உறையையே ஸ்டாக்கா (தோள்ல முட்டுக் கொடுக்கிற கட்டை) மாட்டலாம்ங்கிறது அழகான விஷயம் தான், ஆனா அமெரிக்கால 1934 சட்டப்படி குட்டை பேரல் பிஸ்டலுக்கு ஸ்டாக் மாட்டினா அது தனியா பதிவு பண்ண வேண்டிய ரைஃபிள் ஆயிடும், ஒரிஜினல் பழைய ஜோடி சிலதுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாங்கறதுக்கு முன்னாடியே உங்க ஊர் சட்டத்தை பாத்துடுங்க.

எனக்கு மனசு வலிக்கிறது இதுல தான்: பாகங்கள்ல இருக்கிற நம்பர் எல்லாம் மேட்ச் ஆகுற லூகர் பிஸ்டலை பளபளன்னு ஆக்கணும்னு மறுபடி புளூயிங் (இரும்புக்கு போடுற கருநீலப் பூச்சு) போடுறதும், பழைய ரைஃபிளோட ரிசீவர்ல (நடு உடல் பகுதி) ஸ்கோப் மாட்டுற மவுண்டுக்காக ட்ரில் போடுறதும். கழட்டி மாட்டுற மவுண்ட் பலதுக்கு கெடைக்குது, அதை தேடிப் பாக்காமயே ஓட்டை போட்டுடுறாங்க. அப்புறம் ஸ்க்ரூ வெச்சு அடைச்சாலும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஓட்டை இருந்த வட்டம் எல்லாம் பளிச்சுனு தெரியும்.